நேட்டோவின் தற்காப்புச் சுமை: யார் எவ்வளவு சுமக்கிறார்கள், அதை எதைக்கொண்டு அளப்பது?

கேள்வி: தெலுக் ஆயர் தாவார் வாசகி

அனைவருக்கும் வணக்கம். பட்டர்வொர்த்தில் நாங்கள் நடத்தும் வாசகர் வட்டத்துக்கு ஆறாம் படிவ மாணவர்கள் சிலரும் வருகிறார்கள். மாதந்தோறும் ஓர் உலகச் செய்தியை எடுத்துக்கொண்டு பேசுவது எங்கள் வழக்கம். இம்முறை வட அமெரிக்க, ஐரோப்பிய நாடுகளின் தற்காப்புக் கூட்டணியான நேட்டோவின் உறுப்பு நாடுகள் தற்காப்புச் செலவை எப்படிப் பகிர்ந்துகொள்கின்றன என்பதை எடுத்தோம். நெடுநேரம் பேசியும் அடிப்படைக் கணக்கிலேயே உடன்பாட்டுக்கு வர முடியவில்லை.

நேட்டோவின் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அமெரிக்காவே சுமக்கிறது என்று ஒரு மாணவர் கட்டுரை ஒன்றைக் காட்டினார். அமெரிக்காவின் பங்கு 16 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை, ஜெர்மனியும் அதே அளவுதான் கொடுக்கிறது என்று இன்னொரு மாணவி வேறொரு கட்டுரையைக் காட்டினார். இரண்டும் பொறுப்பான இதழ்களில் வந்தவை. இவற்றில் எது சரி?

அதைவிட முக்கியமாக, ஐரோப்பியர்கள் தங்கள் பங்கைச் செலுத்துவதில்லை என்று அமெரிக்கா சொல்லும் குறை நியாயமானதா என்பதை அறிய விரும்புகிறேன். 2025 ஜூனில் ஹேக் நகரில் 5 விழுக்காடு என்று ஒரு புதிய இலக்கை ஒப்புக்கொண்டார்களே, அது எதைக் குறிக்கிறது? எங்கள் வீட்டிலிருந்து சற்றுத் தூரத்தில்தான் விமானப்படைத் தளம் இருக்கிறது என்பதால், இந்த விவாதத்தில் மலேசியர்களாகிய நாம் கற்றுக்கொள்ள ஏதேனும் உண்டா என்றும் மாணவர்கள் கேட்டார்கள். விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 1: பிரிக்பீல்ட்ஸ் பொருளியல் ஆசிரியர்

வணக்கம், சகோதரி. உங்கள் மாணவர்கள் இருவர் சொன்னதும் சரியே. அவர்கள் இருவேறு பொருள்களை அளந்திருக்கிறார்கள்.

கோலாலம்பூரில் அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் கட்டுவதைப்போல உறுப்பு நாடுகள் நேட்டோவுக்குப் பணம் கட்டுகின்றன, அதில் சிலர் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. அப்படி ஒரு பொதுக்கணக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது மிகச் சிறியது. 2025ஆம் ஆண்டில் அது சுமார் 4.6 பில்லியன் யூரோ. உறுப்பு நாடுகளின் மொத்தத் தற்காப்புச் செலவில் ஏறத்தாழ 0.3 விழுக்காடு. பிரசல்ஸ் தலைமையகம், மோன்ஸ் நகரிலுள்ள படைத்தலைமை, கெய்லன்கிர்ஷனிலிருந்து பறக்கும் அவாக்ஸ் கண்காணிப்பு விமானங்கள், சில கூட்டுக் கட்டமைப்புகள் ஆகியவற்றுக்கு அந்தப் பணம் போகிறது. முன்பு அமெரிக்கா இதில் 22 விழுக்காடு கொடுத்தது. 2019இல் பங்கீட்டை மாற்றி அமைத்ததன் விளைவாக 2025இல் அமெரிக்காவும் ஜெர்மனியும் ஒவ்வொன்றும் 16 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தன. உங்கள் மாணவி காட்டியது இந்தக் கணக்கு.

மூன்றில் இரண்டு பங்கு என்பது வேறு. ஒவ்வொரு நாடும் தன் சொந்தப் படைக்குத் தன் சொந்த வரவு செலவுத் திட்டத்திலிருந்து செலவிடும் தொகைகளையெல்லாம் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையில் அமெரிக்காவின் பங்கு எவ்வளவு என்று பார்த்தால் இந்த அளவு வருகிறது. ஆனால் அமெரிக்கா அந்தப் பணத்தை ஐரோப்பாவுக்காக மட்டும் செலவிடுவதில்லை. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் வளைகுடாவிலும் இருக்கும் படைகளும் அதே கணக்கில் அடங்கும். இன்று மத்தியதரைக் கடலில் நிற்கும் விமானந்தாங்கிக் கப்பல் அடுத்த மாதம் மலாக்கா நீரிணையைக் கடந்து தென்சீனக் கடலுக்குப் போகலாம். அதன் செலவில் எவ்வளவு ஐரோப்பாவுக்கு, எவ்வளவு ஆசியாவுக்கு என்று பிரித்துச் சொல்ல எந்தக் கணக்காளராலும் முடியாது. ஆகவே மூன்றில் இரண்டு பங்கு என்பதை அமெரிக்கப் படைபலத்தின் அளவாகக் கொள்ளலாமே தவிர, ஐரோப்பாவுக்கு அது தரும் உதவியின் அளவாகக் கொள்ள முடியாது.

இனி, உறுப்பு நாடுகளின் தற்காப்புச் செலவுக்கு வைக்கப்பட்ட 2 விழுக்காட்டு இலக்கைப் பார்ப்போம். 2006இல் தற்காப்பு அமைச்சர்கள் ஒரு வழிகாட்டுதலாக ஏற்றுக்கொண்டதை, ரஷ்யா கிரிமியாவை இணைத்துக்கொண்ட சில மாதங்களில், 2014 செப்டம்பரில் வேல்ஸ் உச்சநிலை மாநாட்டில் தலைவர்களே உறுதிமொழியாக அறிவித்தார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 விழுக்காட்டை நோக்கிப் பத்தாண்டுகளுக்குள் நகர முயல்வோம் என்பதுதான் அதன் சாரம். அந்த ஆண்டில் அமெரிக்கா, பிரிட்டன், கிரீஸ் ஆகிய மூன்று நாடுகளே அந்த அளவை எட்டியிருந்தன. இது அரசியல் வாக்குறுதி. சட்டக் கடப்பாடு அன்று. செலவைக் குறைவாக வைத்திருந்த நாடு தன் மக்களுக்கும் கூட்டாளிகளுக்கும் பதில் சொல்ல வேண்டியதே தவிர, அமெரிக்காவுக்குக் கடன்பட்டதாகாது.

இந்த விழுக்காட்டை மட்டும் வைத்து நியாயம் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நேட்டோவின் வரையறைப்படி ஓய்வுபெற்ற படைவீரர்களின் ஓய்வூதியமும் தற்காப்புச் செலவில் சேரும். கிரீஸ் எப்போதும் பட்டியலின் மேற்பகுதியில் இருந்ததற்குப் பெருங்காரணம், தன்னைப்போலவே நேட்டோ உறுப்பினரான துருக்கியிடம் அதற்குள்ள அச்சம்தான். அண்டை நாடுகளிலிருந்து நாள்தோறும் வேலைக்கு வருவோர் சேர்க்கும் உற்பத்தியால் லக்சம்பர்க்கின் கணக்கு மிகவும் ஊதிப்போகும் என்பதால், அதற்கு மட்டும் தேசிய வருமானத்தை அடிப்படையாகக் கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். டென்மார்க் 2 விழுக்காட்டுக்கு வெகு கீழே இருந்த காலத்தில்தான் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாநிலத்தில் கடும் சண்டையில் ஈடுபட்டு 40க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் மிக அதிகமான உயிர்களைக் கொடுத்த நாடுகளில் அதுவும் ஒன்று. அந்தப் போர் தொடங்கியதும் அமெரிக்கா தாக்கப்பட்டதால்தான். ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதலை அனைவர் மீதான தாக்குதலாகக் கருதும் நேட்டோ ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, 1949 முதல் இன்றுவரை ஒரே ஒருமுறை, 2001இல், அமெரிக்காவுக்காகவே செயற்படுத்தப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் முதல் அடுத்த ஆண்டு மே வரை, ஐரோப்பிய வீரர்களும் பணியாற்றிய நேட்டோ அவாக்ஸ் விமானங்கள் அமெரிக்க வானத்தைக் காவல் காத்தன.

அதனால் ஐரோப்பாமீது குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவைப் பலரும் படிப்பதில்லை. தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வல்லமையை ஒவ்வொரு நாடும் பேணி வளர்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. அங்கேதான் ஐரோப்பா தவறியது. 2011இல் லிபியாமீது நடந்த வான்வழி நடவடிக்கையில் முன்னணியில் நின்றவை பிரான்சும் பிரிட்டனும். ஆனாலும் வானிலேயே எரிபொருள் நிரப்பும் விமானங்களுக்கும் உளவுத் தகவலுக்கும் அவை அமெரிக்காவையே நம்ப வேண்டியிருந்தது. சில ஐரோப்பிய நாடுகளுக்குத் துல்லியக் குண்டுகளும் தீர்ந்துபோயின. போர் விமானம் வாங்குவதற்கு ஒவ்வொரு நாடும் தனித்தனியே செலவிட்டது. அந்த விமானத்தைத் தொலைவில் இயக்கத் தேவையான பின்புல வசதிகளை யாரும் போதிய அளவு வாங்கவில்லை. அமெரிக்கா வராவிட்டால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும் என்பதே உண்மையான அளவுகோல் என்பது என் கருத்து.

நல்ல எடுத்துக்காட்டுகளும் உண்டு. ஹங்கேரியின் பாப்பா தளத்தில் மூன்று சி-17 சரக்கு விமானங்கள் இருக்கின்றன. தனியாக ஒன்றை வாங்க வசதியில்லாத எஸ்தோனியா, லிதுவேனியா, ஸ்லோவேனியா போன்ற நாடுகள் உட்பட 12 நாடுகள் அவற்றைக் கூட்டாக வைத்துக்கொண்டு, பறக்கும் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. சுமையைப் பகிர்வது என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று மாணவர்களுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி 2: பாயான் லெப்பாஸ் பொறியாளர்

ஆசிரியர் ஐயாவின் விளக்கம் மிகப் பயனுள்ளது. ஆனால் விழுக்காட்டைப் பற்றி அவர் சொன்னதில் நான் சற்று மாறுபடுகிறேன். குறையுள்ள எண்ணாக இருந்தாலும், எண் ஒன்று இல்லாமல் எந்த அரசும் அசைந்ததில்லை என்பதே இந்தக் கூட்டணியின் வரலாறு.

இந்தக் குறை டிரம்ப் அதிபரோடு தொடங்கியதன்று. ஐரோப்பா போரிலிருந்து மீண்டதும் அமெரிக்கப் படைகள் திரும்பிவிடும் என்றே நேட்டோவின் முதல் படைத்தலைவரான ஐசனோவர் எதிர்பார்த்தார். 1960களில் மேற்கு ஜெர்மனியில் அமெரிக்கப் படைகள் இருப்பதால் அமெரிக்காவிலிருந்து வெளியேறும் டாலரை ஈடுகட்ட, ஜெர்மனி அமெரிக்க ஆயுதங்களை வாங்க வேண்டும் என்று உடன்பாடுகள் செய்யப்பட்டன. 1971இல் செனட்டர் மைக் மான்ஸ்ஃபீல்டு ஐரோப்பாவிலிருக்கும் அமெரிக்கப் படையைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று கொண்டுவந்த திருத்தம் 61க்கு 36 என்ற வாக்கில் தோற்றது. 1978இல் ஆண்டுக்கு உண்மை மதிப்பில் 3 விழுக்காடு செலவை உயர்த்துவதாக எல்லாரும் ஒப்புக்கொண்டு, பலரும் கைவிட்டார்கள். 2011இல் அமெரிக்கத் தற்காப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் பதவியை விட்டுப் போகும் தறுவாயில் பிரசல்ஸில் ஆற்றிய உரையில், இப்படியே போனால் இந்தக் கூட்டணிக்கு எதிர்காலம் மங்கிவிடும் என்று வெளிப்படையாகவே எச்சரித்தார். அவர் குடியரசுக் கட்சி அதிபரிடமும் ஜனநாயகக் கட்சி அதிபரிடமும் பணியாற்றியவர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கான பொருளியல் காரணத்தை 1966இலேயே மான்சர் ஓல்சன், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்ற இருவர் எழுதிவிட்டார்கள். எதிரியை அஞ்சி நிற்கச் செய்யும் வலிமை கூட்டணிக்குள் அனைவருக்கும் பொதுவான பொருள். ஒருவர் செலவிட்டாலும் அதன் பயன் எல்லாருக்கும் கிடைத்துவிடும். எனவே பெரிய நாடு தன் தேவைக்காக எப்படியும் செலவிடும், சிறிய நாடு அதன் நிழலில் ஒதுங்கும். இதில் யாருடைய நேர்மையையும் குறைசொல்ல வேண்டியதில்லை. வாக்காளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய எந்த அமைச்சரும் மருத்துவமனைக்குத் தரும் பணத்தைப் பீரங்கிக்கு மாற்ற விரும்பமாட்டார். இந்தச் சாய்வை மாற்ற இரண்டே வழிகள் உண்டு. ஒன்று வெளியிலிருந்து வரும் அச்சம், மற்றொன்று அளக்கக்கூடிய இலக்கு. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன்மீது முழுப் படையெடுப்பை நடத்தியபோது இரண்டும் ஒன்றுசேர்ந்தன. மூன்றே நாளில் ஜெர்மன் பிரதமர் ஒலாஃப் ஷோல்ஸ் 100 பில்லியன் யூரோ சிறப்பு நிதியை அறிவித்தார். 2025 மார்ச்சில் ஜெர்மனி தன் அரசியலமைப்பையே திருத்தி, மொத்த உற்பத்தியில் 1 விழுக்காட்டைத் தாண்டும் தற்காப்புச் செலவுக்குக் கடன் வரம்பிலிருந்து விலக்கு அளித்தது. போலந்து 4 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. 2 விழுக்காட்டை எட்டிய நாடுகளின் எண்ணிக்கை 2014இல் மூன்றாக இருந்து 2024இல் இருபதைக் கடந்தது.

ஆகவே குறை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் 2024 பிப்ரவரியில் டிரம்ப் ஒரு தேர்தல் கூட்டத்தில், செலுத்தாத நாடுகளை ரஷ்யா தன் விருப்பம்போல் நடத்தட்டும் என்ற பொருளில் பேசியதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த ஏற்பாட்டின் பலமே, தாக்கினால் அமெரிக்கா வரும் என்று எதிரி நம்புவதில்தான் இருக்கிறது. அந்த நம்பிக்கையைக் குலைத்துவிட்டு, கூடுதல் பணத்தால் அதே பாதுகாப்பைப் பெறலாம் என்று எண்ணுவது தவறான கணக்கு. ஐரோப்பாவிலுள்ள தளங்கள் அமெரிக்காவுக்கும் பயன்படுகின்றன. ஜெர்மனியின் ரம்ஸ்டைன் இல்லாமல் மேற்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அமெரிக்கா இயங்குவது மிகக் கடினம். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயமடைந்த அமெரிக்க வீரர்கள் பலருக்கு அருகிலுள்ள லாண்ட்ஸ்டூல் மருத்துவமனையில்தான் சிகிச்சை நடந்தது.

மறுமொழி 3: பழைய பட்டர்வொர்த்காரர்

அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். மாணவர்களைத் தளத்தின் வேலி ஓரமாக ஒருமுறை அழைத்துச் சென்றீர்களானால் பாதி விடை அங்கேயே கிடைக்கும். அரச மலேசிய விமானப்படையின் தளம் அது. ஆனால் அதற்குள் இருக்கும் ஒருங்கிணைந்த வட்டாரத் தற்காப்பு அமைப்பின் தலைமையகத்துக்கு ஓர் ஆஸ்திரேலிய ஏர் வைஸ் மார்ஷல் தலைவராக இருக்கிறார். மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாட்டு அதிகாரிகள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள்.

இன்று ஐரோப்பா நிற்கும் இடத்தில் நாம் 1968இல் நின்றோம். இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில் பிரிட்டன் இந்த வட்டாரத்தில் 50,000க்கும் மேற்பட்ட படையினரை வைத்திருந்தது. போர்னியோ காடுகளில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் நம் வீரர்களோடு நின்றார்கள். 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டது. 1968 ஜனவரியில் பிரதமர் ஹெரால்ட் வில்சன், 1971 முடிவதற்குள் படைகள் அனைத்தும் வெளியேறும் என்று அறிவித்துவிட்டார். நம்மைக் கேட்டு எடுத்த முடிவன்று அது. அவர்களுடைய கருவூலத்தில் பணம் இல்லை. சுமையை இறக்கி வைத்துவிட்டார்கள்.

அதன்பிறகு வந்ததுதான் 1971 நவம்பரில் தொடங்கிய ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு. மலேசியாவோ சிங்கப்பூரோ தாக்கப்பட்டால் ஐந்து நாடுகளும் உடனே கலந்தாலோசிக்கும் என்பதுதான் அதன் உறுதி. வந்து போரிட்டே ஆக வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. எத்தனை விழுக்காடு செலவிட வேண்டும் என்ற இலக்கும் இல்லை. நேட்டோவின் ஐந்தாம் பிரிவும்கூட, தனக்குத் தேவை என்று தோன்றும் நடவடிக்கையை ஒவ்வொரு நாடும் எடுக்கலாம் என்றே சொல்கிறது என்றாலும், அதன் பின்னால் நிரந்தரப் படைத்தலைமையும் முன்கூட்டியே வகுத்த போர்த்திட்டங்களும் அணு ஆயுதமும் இருக்கின்றன. நம் ஏற்பாட்டின் பின்னால் இருப்பவை கூட்டுப் பயிற்சிகளும் பழக்கமும்தான்.

ஆஸ்திரேலிய மிராஜ் விமானங்கள் 1988 வரை இங்கே நிலையாக இருந்தன. அவர்களுடைய குடும்பங்கள் பினாங்குத் தீவில் வசித்தன. பிள்ளைகளுக்கென்று தீவில் தனிப் பள்ளிக்கூடமே நடந்தது. மிராஜ் எழும்பும்போது எங்கள் வீட்டுச் சன்னல் கண்ணாடி அதிரும்; என் தாயார் பால் பாத்திரத்தைக் கையால் பிடித்துக்கொள்வார். அந்தச் சத்தம் நின்றபோது, இனி இந்த வானத்தை நம் பிள்ளைகளே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வீதியில் பெரியவர்கள் பேசிக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன். பெரிய கூட்டாளி போய்விட்டால் என்ன ஆகும் என்பது ஐரோப்பியர்களுக்கு இன்றைய அச்சம். நமக்கு அது நடந்து முடிந்தது. நம் தற்காப்புச் செலவு இன்று மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 1 விழுக்காடு; சிங்கப்பூர் நம்மைவிடப் பல மடங்கு செலவிடுகிறது. ஒரே நாளில் கைவிடப்பட்ட இரண்டு அண்டை நாடுகள் இவ்வளவு வேறுபட்ட முடிவுகளை எடுத்தது ஏன் என்று உங்கள் மாணவர்களை எழுதச் சொல்லுங்கள், அம்மா.

கேள்வி கேட்டவர்: தெலுக் ஆயர் தாவார் வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மறுமொழிகளை அச்செடுத்து மாணவர்களுக்குக் கொடுத்தேன். இரண்டு ஐயங்கள் எழுந்தன. படையே இல்லாத ஐஸ்லாந்து நேட்டோவில் எப்படி இருக்கிறது, அது எதைச் சுமக்கிறது? 5 விழுக்காடு என்பதில் 1.5 விழுக்காடு தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பதாகப் படித்தோம், அது ஏன்?

மறுமொழி 4: பிரிக்பீல்ட்ஸ் பொருளியல் ஆசிரியர்

ஐஸ்லாந்து 1949இல் கையெழுத்திட்ட 12 நாடுகளில் ஒன்று. அது கொடுப்பது இடம். ரஷ்ய நீர்மூழ்கிகள் வடகடற்பகுதியிலிருந்து அட்லாண்டிக்குக்கு வரும் வழியில் அது அமர்ந்திருக்கிறது. கெஃப்லாவிக் தளமும் ரேடார் நிலையங்களும் கூட்டணிக்குக் கண்ணாக இருக்கின்றன. பதிலுக்குப் பிற உறுப்பு நாடுகளின் போர் விமானங்கள் முறைவைத்து அங்கே போய்க் காவல் காக்கின்றன. போர் விமானம் இல்லாத மூன்று பால்டிக் நாடுகளுக்கும் 2004 முதல் இப்படித்தான் நடக்கிறது. விழுக்காட்டுப் பட்டியலில் ஐஸ்லாந்துக்கு இடமே கிடையாது என்றாலும், அந்தத் தீவு இல்லாமல் வட அட்லாண்டிக்கைக் காப்பதற்கு ஆகும் செலவு மிகப் பெரிதாக இருக்கும்.

ஹேக் உடன்பாட்டில் 2035க்குள் எட்ட வேண்டிய 5 விழுக்காட்டில், 3.5 விழுக்காடு படை, ஆயுதம், பயிற்சி ஆகிய நேரடிச் செலவுக்கு. எஞ்சிய 1.5 விழுக்காடு சாலை, பாலம், துறைமுகம், இணையப் பாதுகாப்பு, ஆயுதத் தொழில்துறை போன்ற துணைத் தேவைகளுக்கு. கவச வாகனத்தின் எடையைத் தாங்காத பாலத்தின் வழியே படையை எல்லைக்குக் கொண்டுபோக முடியாது என்பதால் இந்தப் பிரிவுக்கு நியாயம் உண்டு. ஆனால் இதில் என்னென்ன சேரும் என்ற எல்லை தளர்வாக இருப்பது எனக்குக் கவலை தருகிறது. சிசிலியை இத்தாலியின் பெருநிலத்தோடு இணைக்கும் மெசினா பாலத்தையே இந்தக் கணக்கில் காட்டலாமா என்று இத்தாலியில் பேச்சு எழுந்தது. ஸ்பெயினின் பிரதமர் பெட்ரோ சான்செஸ், தங்களுக்கு ஒதுக்கப்பட்ட படைத்திறன் இலக்குகளை 2.1 விழுக்காட்டிலேயே எட்டிவிட முடியும் என்று சொல்லி விலகி நின்றார். அவருடைய வாதம் சரியா என்பதை 2029இல் நடக்கவிருக்கும் மீளாய்வில் அவர்களுடைய படையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அடுத்த கூட்டத்துக்கு லிதுவேனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முதன்முறையாக ஜெர்மனி வெளிநாட்டில் நிரந்தரமாக ஒரு படைப்பிரிவை அங்கே நிறுத்துகிறது. 2027க்குள் ஏறத்தாழ 5,000 பேர் இருப்பார்கள். வீரர்களையும் கவச வாகனங்களையும் ஜெர்மனி தருகிறது, முகாம்களையும் பயிற்சித் திடல்களையும் லிதுவேனியா கட்டித் தருகிறது. அந்த ஒரு படைப்பிரிவின் செலவு எந்தெந்த நாட்டின் கணக்கில், 3.5இல் எவ்வளவு, 1.5இல் எவ்வளவு என்று மாணவர்களே பிரித்துப் பார்க்கட்டும். அவர்கள் போடும் கணக்கை இங்கே பதிவிட்டால் நானும் சேர்ந்து பார்க்கிறேன்.